உங்கள் புகார் மூடப்பட்டது

நகராட்சியின் குழி மூடிப் பிரிவுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மூடுவது. தெருவில் பாதாளச் சாக்கடைக் குழி எங்காவது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் அந்தத் தெருக்காரர் யாராவது போன் செய்வார். புகார் எழுத்தர் கேட்டுக் கணினியில் ஏற்றி மூடிக் குழுவுக்கு அனுப்புவார். குழு இரும்பு மூடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பொருத்திவிட்டு வரும். இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய கட்டடம், இத்தனை அதிகாரிகள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கேள்விக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருப்பார்கள்.

புகார் எழுத்தருக்குக் குற்ற உணர்ச்சி பிறவிக் குணம். பக்கத்து மேசைக்காரர் தும்மினால்கூட மின்விசிறியை நாம்தான் வேகமாக வைத்துவிட்டோமோ என்று எழுந்து போய்ப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவர் கையில் ஒரு கணினியைக் கொடுத்தார்கள். அவர் கோப்புகளுக்கு வைத்த பெயர்கள் இப்படி இருந்தன: புதுசு, புதுசு ரெண்டு, கடைசி, கடைசிக்கும் கடைசி, இதுதான் சரி, இதைத் தொடாதே. எதையும் ஒரு தடவை சேமித்து அவருக்குப் பழக்கமில்லை. ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு தடவை சேமிப்பார். பிறகு இரண்டையும் தொலைப்பார். போனில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்து தேடுவார். திரையின் பின்னணியில் தங்கையின் கல்யாணப் படம் வைத்திருந்தார். கோப்புகள் அப்பிக்கொண்டதில் மாப்பிள்ளையின் ஒரு காது மட்டும்தான் வெளியே தெரியும்.

இப்படி இருந்தும் எப்படியோ தட்டித் தடுமாறிக் குழிகள் மூடப்பட்டு வந்தன. கொஞ்சம் தாமதமாகும், சில சமயம் ஒரே குழிக்கு இரண்டு மூடிகள் போகும். அதற்கு மேல் பெரிய பழுது ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இயக்குநர் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தார். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். திரும்பி வரும்போது கூடவே ஓர் ஒழுங்கு ஆலோசகரையும் அழைத்து வந்தார். மறுநாளே எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

“நம்ம பிரிவு ஏன் பின்தங்கியிருக்குன்னு நான் ரொம்ப யோசிச்சேன். ஊர்ல குழி அதிகம், அதனாலன்னு சில பேர் சொல்றாங்க. அது தப்பு. குழி தெருவுல இல்ல. நம்ம கோப்புலதான் இருக்கு. கோப்பு ஒழுங்காயிட்டா குழி தானா குறைஞ்சிடும். நான் தெருப் பக்கம் போயே ரொம்ப நாளாச்சு, அதனாலதான் எனக்கு இது தெளிவாத் தெரியுது.”

எல்லோரும் கைதட்டினார்கள். எழுத்தரும் தட்டினார். தன் திரையை நினைத்தபோது அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஊரில் உள்ள குழியெல்லாம் தன்னால்தான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிக்கொண்டார்.

ஆலோசகர் மெல்லிய குரலில் பேசுகிற அம்மையார். ஒவ்வொரு மேசையாக வந்தவர் எழுத்தரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு துக்க வீட்டில் ஆறுதல் சொல்வதுபோல அவர் தோளைத் தொட்டு, இதோடு எப்படி இவ்வளவு நாள் இருந்தீர்கள் என்று கேட்டார். எழுத்தருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் அவரை அதுவரை அப்படி விசாரித்ததில்லை.

ஏற்பாடு பார்க்க எளிமையாகத்தான் இருந்தது. இனிமேல் யாருக்கும் நான்கே ஃபோல்டர்கள்: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, காத்திருப்பவை, மூடியவை. ஒரு கோப்பு முதலாவதில் பிறந்து நாலாவதில் போய் அடங்க வேண்டும். திரையில் ஒரு தூசு இருக்கக் கூடாது. வெறும் திரைதான் வெற்றி என்று கூடத்துச் சுவரில் எழுதி மாட்டினார்கள்.

எளிமை ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் கோப்புக்குப் பெயர் வைக்கும் விதிமுறை வந்தது. முதலில் தேதி, அடுத்து தெரு, அடுத்து குழியின் வடிவம், அடுத்து புகாரின் நிலை, கடைசியில் அதைப் பதிவு செய்தவரின் மனநிலை. மனநிலைக்கு மூன்று சொற்கள்தான் உண்டு: தெளிவு, கலக்கம், ஏற்பு. எழுத்தர் ஆலோசகரிடம் தயங்கித் தயங்கிப் போய், குற்ற உணர்ச்சிக்கு ஒரு சொல் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அது ஒழுங்கில்லாதவர்களுக்கு மட்டுமே வருவதால் ஏற்பாடு முழுமை பெற்றதும் தேவைப்படாது என்று அவர் அன்பாகச் சொல்லி அனுப்பினார். எழுத்தர் எல்லாவற்றுக்கும் ‘கலக்கம்’ என்றே போட்டுவந்தார்.

பிறகு குறிப்புகள் வந்தன. ஒவ்வொரு கோப்புக்கும் அது ஏன் அந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பை மறுபடி எப்போது படிப்போம் என்று இன்னொரு குறிப்பு எழுத வேண்டும். போனில் ஒரு பெண் பதறிக்கொண்டு குழிக்குள் நாய்க்குட்டி விழுந்துவிட்டது என்கிறாள். எழுத்தர் விதிப்படி, குழி வட்டமா சதுரமா என்று கேட்கிறார். பிறகு தன் மனநிலையை யோசிக்கிறார். யோசித்து முடிப்பதற்குள் நாய்க்குட்டி தானாகவே ஏறி வந்து தப்பித்துக்கொண்டது. அதை ‘பொதுமக்கள் ஒத்துழைப்பு’ என்று இயக்குநர் கூட்டத்தில் பாராட்டினார்.

மூடிக் குழுவையும் விட்டுவைக்கவில்லை. மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் கூடத்தில் உட்காரவைக்கப்பட்டு, வண்ண வண்ணச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டப் பழகினார்கள். மூடிகளையும் நிறவாரியாக அடுக்கச் சொன்னார்கள். மூடிகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பதாக மேஸ்திரி சொன்னார். அதனால் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் காய்கிறவரைக்கும் மூடிகளை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று. மழைக்காலம் வேறு. காய்வதாகத் தெரியவில்லை.

தங்கை போன் செய்தது அப்போதுதான்.

அவள் வீட்டு வாசலுக்கு நேரே இருந்த குழியின் மூடி, லாரி ஏறி உடைந்துபோய்விட்டது. மாப்பிள்ளை பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து இருட்டுகிற நேரத்துக்கு அந்த வழியாகத்தான் நடந்து வருவார். இப்போதைக்கு ஓர் உடைந்த நாற்காலியைக் குழிமேல் கவிழ்த்து வைத்திருப்பதாகவும், எல்லோரும் சுற்றிப் போவதாகவும் சொன்னாள். “உன் ஆபீஸ்தானே அண்ணா, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்” என்றாள். அவள் அண்ணனிடம் எதுவும் கேட்கிற வழக்கமில்லை. எழுத்தர் நாளைக்கே ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார்.

வாக்குக் கொடுத்தாரே தவிர நாளைக்கு ஆகவில்லை. அவர் முறைப்படி பெயர் வைத்தார், குறிப்பு எழுதினார், குறிப்புக்குக் குறிப்பு எழுதினார். கோப்பு ‘காத்திருப்பவை’ ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்தது. மேஸ்திரியை நேரில் பார்த்துக் கேட்டார். மேஸ்திரி சுவரில் மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டே, பெயிண்ட் காயட்டும் சார் என்றார். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது எழுத்தரும் நாற்காலியைச் சுற்றித்தான் போனார். மாப்பிள்ளை அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மச்சான் பார்த்துக்கொள்வார் என்று தங்கையிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார். எழுத்தர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்.

இந்த நேரத்தில் இயக்குநர் ‘வெறும் திரை நாள்’ ஒன்றை அறிவித்தார். நகராட்சித் தலைவரே வந்து பார்ப்பாராம். அன்று எல்லோருடைய திரையும் கூடத்துச் சுவரில் பெரிதாகத் தெரியும். ‘மூடியவை’ தவிர மற்ற மூன்று ஃபோல்டர்களும் காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லாதவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும்.

எழுத்தரின் ‘காத்திருப்பவை’ நிரம்பித் திரை முழுக்க வழிந்து கிடந்தது. ஒன்றாவது வேலை முடிந்ததில்லை. முன்தினம் மதியம் ஆலோசகர் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு கோப்பு காத்திருக்குன்னா என்ன அர்த்தம்? நீங்க முடிவெடுக்கலேன்னு அர்த்தம். அது வேலை இல்ல, உங்க தயக்கம். தயக்கத்தை எதுக்குச் சேமிச்சு வைக்கிறீங்க? மூடிடுங்க.”

“குழி இன்னும் மூடலையே மேடம்.”

“நான் குழியச் சொல்லல. கோப்பச் சொல்றேன். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுதான் உங்க பிரச்சினையே.”

அவர் எழுந்து போனதும் எழுத்தர் கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து ‘மூடியவை’யில் போட ஆரம்பித்தார். முதல் கோப்பைப் பாதி வழியில் இரண்டு தடவை திரும்ப விட்டார். நாலைந்து போன பிறகு கை தானாகவே இழுத்தது. கடைசியில் தங்கையின் கோப்பு ஒன்றுதான் மிச்சம். நாளைக்கு விழா முடிந்ததும் மறுபடி எடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இழுத்தார். அதுவும் போய்ச் சேர்ந்தது.

திரை காலியானது. பின்னணிப் படம் முழுசாகத் தெரிந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் மாலையோடு நின்று சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு காதும் ஒரு முகமும் இருப்பதை எழுத்தர் பல வருஷங்களுக்குப் பிறகு பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனசு லேசாகிவிட்டது. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார். பிற்பாடு அவரைப் போட்டு வாட்டியது குழிகூட இல்லை, அந்தத் தூக்கம்தான்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. புதிய ஏற்பாட்டில் ஒரு கோப்பு ‘மூடியவை’யில் விழுந்ததும், புகார் கொடுத்தவருக்கும் அந்தத் தெருவாசிகள் அனைவருக்கும் தானாகவே ஒரு குறுஞ்செய்தி போய்விடும். ‘உங்கள் புகார் மூடப்பட்டது. நன்றி.’ அதே சமயம் துப்புரவுப் பிரிவுக்கும் தகவல் போகும். மூடப்பட்ட குழிமேல் தடுப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அன்று மாலையே வண்டி வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த அலுவலகத்தில் சொன்ன நேரத்துக்கு நடந்த ஒரே வேலை அதுதான்.

அன்று இரவே பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கூடத்தில் தலைவர் எழுத்தரின் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், மாப்பிள்ளை வேலை முடிந்து வீட்டு வாசலுக்கு வந்தார், குழிக்குள் இறங்கினார். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து தூக்கினார்கள். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

பேருந்து ஓட்டுகிறவனுக்கு வலது கால் என்றால் என்ன என்பதை யாரும் எழுத்தருக்கு விளக்க வேண்டியதில்லை. பிரேக் அந்தக் காலில்தான் இருக்கிறது.

மருத்துவமனைக்கு ஓடினார். மாப்பிள்ளை கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். எழுத்தர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் பேசினார்.

“நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க மச்சான். நீங்க மூடிட்டீங்க, எனக்குத் தெரியும், மெசேஜ் வந்துச்சு. எவனோ களவாணிப் பய அன்னிக்கே மூடியத் தூக்கிட்டுப் போயிட்டான். இரும்புக்கு ஆசப்பட்டிருப்பான்.”

எழுத்தர் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையை அப்போதே யாராவது பிடித்து நிறுத்தியிருக்கலாம். யாரும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை இதையே சொன்னார். மச்சான் உடனே மூடிவிட்டார், திருடன்தான் கெடுத்துவிட்டான். வந்தவர்கள் திருடனைத் திட்டினார்கள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எழுத்தரும் அவர்களோடு சேர்ந்து ஓரிரு வார்த்தை திட்டினார். தங்கை அண்ணனுக்கு வீட்டிலிருந்து தனியாகச் சாப்பாடு கட்டி எடுத்து வந்தாள். அலைந்து திரிகிறானே என்று அவளுக்கு வருத்தம். எழுத்தர் அதைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

காலையில் அலுவலகத்தில் கணினியைப் போட்டால் மாப்பிள்ளை முழு முகத்தோடு சிரித்தார். எழுத்தர் இரண்டு கோப்புகளை எடுத்து அந்த முகத்தின் மேல் வைத்தார். சிறிது நேரத்தில் ஆலோசகர் வந்து எடுக்கச் சொன்னார்.

தெருவில் குழி அப்படியேதான் கிடந்தது. தங்கை இன்னொரு நாற்காலியை வைத்திருந்தாள். எழுத்தர் கோப்பைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். ‘மூடியவை’யிலிருந்து எதுவும் வெளியே வராது என்று கணினி சொன்னது. புதிதாகப் புகார் பதிவு செய்தார். அதே முகவரி என்பதால் பழைய கோப்போடு சேர்ந்து அதுவும் மூடிக்கொண்டது. வேறு வழியில்லாமல் இயக்குநரின் அறைக்குப் போனார். ஆலோசகரும் அங்கே இருந்தார். எழுத்தர் நடந்ததை எல்லாம் சொன்னார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் திரையைப் பார்த்தார்.

“நம்ம கோப்புப்படி அந்தக் குழி மூடியிருக்கு.”

“தெருவுல திறந்திருக்கு சார். என் தங்கச்சி வீட்டுக்காரரே விழுந்துட்டார்.”

“அப்போ அவர் விழுந்தது வேற குழி. இல்லேன்னா அவர் விழலை. ரெண்டுல ஒண்ணு. நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா மூடினதுல இருந்து ஒண்ணைத் திறந்தா நம்ம மூடல் விகிதம் குறையும். தலைவர் கேட்டா என்ன சொல்றது? ஒரு கணுக்காலுக்காக ஒரு விகிதத்தை உடைக்கச் சொல்றீங்களா?”

எழுத்தர் நகரவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஓர் அதிகாரியின் அறையில் மன்னிப்புக் கேட்காமல் நின்றுகொண்டே இருந்தார். அழுதாரா என்று அவருக்கே சரியாக ஞாபகமில்லை. கடைசியில் ஆலோசகர்தான், இதை இவரது கலக்கத்துக்கான சிகிச்சையாக அனுமதிக்கலாம் என்றார். இயக்குநர் ஏதோ ஒரு கடவுச்சொல்லைத் தட்டினார். எழுத்தரின் கணினியில் இதுவரை இல்லாத ஒரு பொத்தான் வந்தது. ‘திற’ என்று அதன்மேல் எழுதியிருந்தது.

எழுத்தர் ஓடிப்போய் உட்கார்ந்தார். தங்கையின் கோப்பைத் தேடி எடுத்து அந்தப் பொத்தானை அழுத்தினார். போயிற்றோ இல்லையோ என்ற பயத்தில், வழக்கப்படி இன்னொரு தடவையும் அழுத்தினார். உத்தரவு மூடிக் குழுவுக்குப் போயிற்று. பயிற்சி முடித்த குழு உடனே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. எழுத்தர் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

மதியம் மேஸ்திரி வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். கையில் கடப்பாரை இருந்தது.

“முடிஞ்சிடுச்சு சார். ‘திறக்கவும்’னு ரெண்டு உத்தரவு வந்துச்சு. அங்க போனா ஒண்ணு ஏற்கெனவே திறந்து கெடந்துச்சு, அதுல நமக்கு வேலை இல்ல. பக்கத்துல இருந்ததுக்குத்தான் உசுரு போயிடுச்சு. துரு ஏறிப்போய் அசையவே மாட்டேன்னுச்சு. நெம்பி நெம்பித்தான் எடுத்தோம்.”

எழுத்தர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நன்றாக மூடியிருந்த குழியையா திறந்தீர்கள் என்று கேட்டார். மேஸ்திரி ஆமாம் என்றார். குழி மூடுகிற குழுவைக் குழி திறக்கச் சொல்கிறார்களே என்று கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா என்று எழுத்தர் கேட்டார்.

“யோசிச்சா குறிப்பு எழுதணும் சார்.”

கழற்றிய மூடி எங்கே என்றார் எழுத்தர். பெயிண்ட் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது என்றார் மேஸ்திரி. அவர் போகும்போதே கணினியில் பணி முடிந்தது என்று தட்டிவிட்டுப் போனார். கோப்பு இரண்டு பிரதியாக ‘மூடியவை’யில் வந்து விழுந்தது. தெருவாசிகள் அனைவருக்கும் மறுபடி நன்றி போயிற்று. துப்புரவு வண்டியும் போய்த் தங்கையின் இரண்டாவது நாற்காலியை எடுத்துக்கொண்டது.

அன்று மாலை அலுவலகத்தில் பாராட்டு விழா. எழுத்தர் தெருவுக்கு ஓடப் பார்த்தார். வாசலில் பிடித்து உள்ளே இழுத்து வந்துவிட்டார்கள். முதல் விருதே அவருக்குத்தான். விருது ஒரு கண்ணாடிப் பலகை. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெறுமையைக் குறிக்கிறது என்றார்கள்.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். இந்தப் பிரிவின் வரலாற்றிலேயே முதல்முறையாக இன்று ஒரு திறந்த புகார்கூட இல்லை, முன்பெல்லாம் மூடிகளை வாங்கிப் பொருத்தியே நேரம் போய்க்கொண்டிருந்தது, இப்போது ஒரு மூடியும் செலவாகாமல் எல்லாக் குழிகளையும் மூடியிருக்கிறோம் என்றார். தலைவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பிறகு எழுத்தரை நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

எழுத்தர் கண்ணாடிப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார்.

“என் தங்கச்சி வீட்டு வாசல்ல ரெண்டு குழி திறந்து கெடக்கு. ஒண்ணை நான் மூடாம மூடினேன். இன்னொண்ணு என்னால திறந்துச்சு. எங்க மாப்பிள்ளைக்குக் காலு போச்சு. இப்ப இருட்டப் போகுது. யாராவது வந்து மூடுங்க.”

இயக்குநர் கொஞ்சமும் கலங்கவில்லை. தன் திரையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எந்த ஃபோல்டர்ல?”

“ஃபோல்டர்ல இல்ல சார். தெருவுல.”

இயக்குநர் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். பழைய பழக்கம் சுலபத்தில் போகாது என்பதற்கு இதுவே சான்று என்றார். தெருவில் இருப்பதை எல்லாம் ஒருவர் மனசில் சுமந்துகொண்டிருந்தால் திரை எப்படி வெறுமையாகும் என்று கேட்டார். இவ்வளவு சுமையோடும் திரையைக் காலி செய்தாரே, அதற்குத்தான் இந்த விருது என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. எழுத்தர் பலகையை அங்கிருந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினார்.

தங்கை வீட்டுக்கு அவர் போனபோது, அன்று சாயங்காலம்தான் மருத்துவமனையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுத்தர் உட்காரவில்லை. செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திருடன் யாரும் இல்லை, மூடியே போகவில்லை, விழாவுக்காகக் கோப்பை மூடினேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பது வரைக்கும் சொன்னார். தங்கையின் கை ஒரு சட்டையோடு நின்றுவிட்டது.

மாப்பிள்ளை கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நான் அந்த வழியா தினமும் சுத்தித்தான் வருவேன் மச்சான். கண்ணு தெரியலேன்னாலும் காலுக்குத் தெரியும். அன்னிக்கு மட்டும் நேரா நடந்தேன். நாற்காலி இல்லைங்கிறதுக்காக இல்ல. ஆபீஸ் மெசேஜை எவன் நம்புவான்? அதை அனுப்பினது நீங்கன்னு நெனச்சேன். அதான் நேரா நடந்தேன்.”

மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்த எழுத்தர், அந்தச் சொல்லை எடுக்கவே கூசினார். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டே பழகிய வாய் அது. இதற்குக் கேட்க வரவில்லை.

“இப்பவாவது மூடியாச்சா?” என்று தங்கை கேட்டாள்.

இல்லை என்றார். மத்தியானத்திலிருந்து இரண்டு என்றார்.

தங்கை சட்டையைக் கீழே போட்டாள். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. “அங்க எதுக்கு நிக்கிற?” என்றாள். “வெளிய போய் நில்லு. இது எல்லாரும் வேலை முடிஞ்சு வர்ற நேரம்.”

எழுத்தர் வெளியே போனார். மறுபடி தூறல் ஆரம்பித்திருந்தது. தெருவில் தண்ணீர் ஒரே சீராகப் பரந்து கிடந்தது, குழி எங்கே, தரை எங்கே என்று தெரியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காலால் தடவித் தடவிப் போய், இரண்டு குழிக்கும் நடுவில் நின்றார். இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டார். ஆட்கள் வந்தார்கள். சிலர் ஒதுங்கிப் போனார்கள், சிலர் இவருக்கு என்ன ஆயிற்று என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

தலையில் பையைக் கவிழ்த்தபடி வேகமாக வந்த ஒருவர் மட்டும் நேரே வந்தார். எழுத்தர் மறித்தார். இங்கே குழி இருக்கிறது, ஓரமாகப் போங்கள் என்றார். அந்த மனிதருக்கு எரிச்சல் வந்தது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து எழுத்தரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“எந்தக் குழி சார்? மூடியாச்சுன்னு மத்தியானமே மெசேஜ் வந்துடுச்சு. இதோ பாருங்க. வழிய விடுங்க.”

எழுத்தர் அந்த வெளிச்சத்தில் எழுத்தைப் படித்தார். எழுத்துப் பிழை இல்லை. கடைசியில் நன்றியும் இருந்தது. விரித்த கையை அவர் மடக்கவில்லை.

“அதை அனுப்பினவன் நான்தாங்க,” என்றார். “நம்பாதீங்க. சுத்திப் போங்க.”